வெள்ளம் வடிந்த பிறகு இடியும் கரை

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் கேரள எல்லைக்குப் பக்கத்தில், குழித்துறைக்குக் கீழே தாமிரபரணி ஆறு வளையும் இடத்தில் இருக்கிறது. 12 சென்ட் விளை, அதில் வீடு. நான் கல்யாணமாகி வந்தபோது வீட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவில் 50 அடி இருந்தது. இப்போது 30 அடிதான். கரை 16 அடி உயரம். போன மழையில் ஆறு தென்னைகள் ஆற்றோடு போய்விட்டன. வெள்ளம் ஓடும்போது ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் இறங்கி இரண்டாம் நாள், நல்ல வெயிலில், பெரிய சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் கரையைக் காணோம். மேல்பக்கத்து வீட்டுக்காரர் கருங்கல் சுவர் கட்டிய பிறகு எங்கள் பக்கம் அதிகமாக இடிவதுபோலத் தெரிகிறது. நாங்களும் கட்ட, கொத்தனார் 9 லட்சம் கேட்கிறார். கடன் வாங்கி அனுப்புகிறேன் என்று வெளிநாட்டில் இருக்கும் கணவர் சொல்கிறார். சுவர் கட்டலாமா, விற்றுவிட்டுப் போகலாமா? இந்த வளைவில் மொத்தம் 14 வீடுகள். என் மாமியார் ஆற்றுப்பக்க அறையில்தான் படுக்கிறார், பயமாக இருக்கிறது.
– வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தின் கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மாமியாரின் கட்டிலை இன்றைக்கே முன்னறைக்கு மாற்றுங்கள். மழைக்காலம் வரட்டும் என்று இருக்க வேண்டாம்.

ஏன் சொல்கிறேன் என்றால், கரைவேலை பார்க்கும் நாங்கள் களத்தில் ஒரு கணக்குப் போடுவோம். கரையின் அடியிலிருந்து, ஓர் அடி உயரத்துக்கு இரண்டு அடி தூரம் என்ற சரிவில் வீட்டை நோக்கி மனதுக்குள் ஒரு கோடு இழுப்போம். அந்தக் கோடு மேல்தரையைத் தொடும் இடத்துக்கு ஆற்றுப்பக்கம் எது இருந்தாலும் அது ஆபத்தில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். உங்கள் கரை 16 அடி, கிட்டத்தட்ட செங்குத்து. அப்படியானால் கோடு மேலே வரும் இடம் 32 அடி. உங்கள் வீட்டின் பின்சுவர் 30 அடியில் இருக்கிறது. வீடு நாளைக்கே விழும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் அந்தப் பின்னறை இனி இரவில் ஆள் படுக்கிற இடம் அல்ல. கரைக்கு இணையாகத் தரையில் நீளவாக்கில் வெடிப்பு, ஆற்றுப்பக்கம் சாய்ந்து நிற்கும் மரம், திடீரென்று அடைக்க முடியாமல் இறுகும் பின்கதவு, கரையடியில் கலங்கலாக ஊறும் நீர் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் முன்னறையும் வேண்டாம், வீட்டைவிட்டு வெளியே வந்துவிடுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. சுவரில் பெரிதாக எழுதி ஒட்டி வையுங்கள்.

சரி, இனி கரைக்கு வருவோம். வெயிலில் இடிந்தது என்று எழுதியிருந்தீர்களே, அந்த ஒரு வரியிலேயே பாதி நோய் தெரிந்துவிட்டது. வெள்ளம் ஏறி நிற்கும்போது கரைமண் ஸ்பாஞ்சு மாதிரி தண்ணீரைக் குடித்துக் கனக்கிறது. ஆனால் அப்போது ஆற்றுநீரே வெளியிலிருந்து கரையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆறு சட்டென்று இறங்கினால் தாங்கல் போய்விடும், மண்ணுக்குள் இருக்கும் நீர் அவ்வளவு வேகமாக வடியாது. கனத்த கரை தன் பாரத்தாலேயே சரியும். நடுவில் ஒரு மணலடுக்கு இருந்தால் இன்னும் மோசம். உள்ளே தேங்கிய நீர் அந்த மணலையும் இழுத்துக்கொண்டு வெளியேறும், மேலே நிற்கும் மண் அந்தரத்தில் தொங்கி, பிறகு ஒரே கட்டியாக விழும். தண்ணீர் வற்றிய ஒரு நாளில் எதிர்க்கரையில் நின்று உங்கள் கரையைப் பாருங்கள். மேலே செம்மண், கீழே வெளிறிய மணல் என்று கோடு பிரிந்து தெரிந்தால் நான் சொல்வது அதுதான்.

நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் உண்டு. அதனால் நம் கரைகள் வருடத்தில் இரண்டு முறை ஊறி, இரண்டு முறை வடிகின்றன. கோதையாறும் பரளியாறும் மூவாற்றுமுகத்தில் சேர்ந்துதான் உங்கள் ஆறாக வருகின்றன. அதாவது, பேச்சிப்பாறை அணையிலும் பெருஞ்சாணி அணையிலும் திறக்கும் உபரிநீர் உங்கள் வளைவைத் தொட்டுத்தான் தேங்காய்ப்பட்டணம் போகிறது. இதை நினைவில் வையுங்கள், மனு எழுதும்போது வேண்டும்.

மீதிப் பாதி நோய் ஆற்றின் அடியில் இருக்கிறது. வளைவில் வேகமான நீர் வெளிக்கரையோடு உரசி ஓடும். உட்கரையில் மணல்திட்டு போடும், வெளிக்கரையடியைத் தோண்டிக் கயமாக்கும், அதாவது ஆழமான பள்ளமாக்கும். இது ஆற்றின் இயல்பு, நம் பாட்டன் காலத்திலும் இப்படித்தான். வேறாக நடந்தது என்னவென்றால், நம் ஆறுகளில் பல வருடங்களாக மணலை அள்ளி அள்ளி ஆற்றின் அடிமட்டத்தையே இறக்கிவிட்டோம். அடி இறங்கினால் கரையின் உயரம் தானாகக் கூடும். 10 அடியில் நின்ற கரை 16 அடியில் நிற்காது, அதே மண்ணாக இருந்தாலும் நிற்காது. உங்கள் ஊரில் ஆற்றுக்கு இறங்கும் கடவில் பழைய படித்துறை இருந்தால் போய்ப் பாருங்கள். கடைசிப் படிக்குக் கீழே எத்தனை அடி பள்ளம் என்பது, அந்தப் படியைக் கட்டிய நாளிலிருந்து ஆறு எவ்வளவு இறங்கியது என்பதற்குச் சாட்சி. எந்தக் கருவியும் அதைவிடத் தெளிவாகச் சொல்லாது.

எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இதற்காகவே 2001இல் ஆற்றங்கரைப் பாதுகாப்புக்கும் மணல் அள்ளுவதை ஒழுங்குபடுத்துவதற்கும் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். கடவுதோறும் ஒரு குழு, கரையிலிருந்து 10 மீட்டருக்குள் மணல் தொடக்கூடாது, மணல் விற்ற பணத்தில் ஒரு பங்கு கரையைக் காக்கும் நிதிக்கு என்று அதில் ஏற்பாடு உண்டு. சட்டம் இருந்ததால் மட்டும் அங்கே கரைகள் தப்பிவிடவில்லை. ஆனால் ஆற்றுமணலையும் கரைவீட்டையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்த்த அந்த எண்ணம் சரியானது. நம் பக்கம் அனுமதியில்லாமல் அள்ளுவோருக்கு 1957ஆம் வருடத்துக் கனிமச் சட்டத்தின்படி ஐந்து வருடம் வரை சிறை உண்டு. உங்கள் வளைவில் இன்றும் இரவில் வள்ளமோ டெம்போவோ வந்து மணல் எடுத்தால், கல்லும் சிமெண்டும் எவ்வளவு போட்டும் பயனில்லை. முதல் சண்டை அங்கேதான். தனியாகப் போகாதீர்கள், 14 வீடும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு வட்டாட்சியருக்கும் காவல்துறைக்கும் கொடுங்கள்.

இப்போது சுவர். வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஏன் வேண்டாம் என்பதைச் சொல்ல என் சொந்தக் கதை ஒன்று வேண்டும். பணியில் சேர்ந்த புதிதில் ஓர் ஆற்றங்கரையில் கருங்கல் சுவர் ஒன்றின் வேலையைப் பார்த்துக்கொள்ள என்னை நிறுத்தினார்கள். அடித்தளம் மூன்று அடி. கல்லும் சாந்தும் குறை சொல்ல முடியாத வேலை. ஊர்க்காரர்கள் எனக்கு மாலை போட்டார்கள். இரண்டாம் மழையில் அந்தச் சுவர் உடையவில்லை, முழுசாக, ஒரே பலகைபோல, ஆற்றுக்குள் கவிழ்ந்து படுத்துவிட்டது. சுவருக்கு அடியில் இருந்த மண்ணை ஆறு எடுத்துப்போயிருந்தது. அதை நம்பிக் கரையோரம் புதிதாக அடுக்களை கட்டியிருந்த ஒரு குடும்பம் அதையும் இழந்தது. அந்த வீட்டு அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. இன்றும் ஆற்றோரச் சுவர் என்று யார் பேச்செடுத்தாலும் அவர் முகம்தான் எனக்கு முன்னால் வருகிறது.

ஆறு எவ்வளவு ஆழம் தோண்டும் என்பதற்கு ஜெரால்டு லேசி என்ற பொறியாளர் 1930 வாக்கில் இந்தியக் கால்வாய்களைப் பார்த்துச் சொன்ன கணக்கை இன்றும் நாங்கள் பயன்படுத்துகிறோம். வெள்ளத்தின் அளவையும் மண்ணின் தன்மையையும் வைத்து இயல்பான அரிப்பாழம் என்று ஒன்று வரும். நேராக ஓடும் இடத்தில் அதன் 1.25 மடங்கு, மிதமான வளைவில் 1.5 மடங்கு, கடும் வளைவில் 1.75 மடங்குவரை தோண்டும் என்று எடுத்துக்கொள்வோம். உதாரணத்துக்கு, வெள்ள மட்டத்திலிருந்து 14 அடி என்று கணக்கு வந்தால் உங்கள் வளைவில் அது 24 அடிக்கு மேல். வெள்ளம் கரைவிளிம்புவரை ஏறும் நாளில் ஆறு உங்கள் 16 அடிக் கரையின் அடியிலிருந்து இன்னும் 8 அடி கீழே தோண்டும். உங்கள் கொத்தனார் அடித்தளம் எத்தனை அடி என்று சொன்னார்? கேட்டுப் பாருங்கள். அவரைக் குறை சொல்லவில்லை, வீட்டுச் சுவர் கட்டுவதில் அவர் என்னைவிடக் கெட்டிக்காரராக இருப்பார். ஆற்றுச் சுவர் வேறு சங்கதி.

மேல்பக்கத்து வீட்டுச் சுவரைப் பற்றி உங்களுக்குத் தோன்றுவது சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். சுவரோடு வழுக்கி வேகமெடுத்த நீர், சுவர் முடியும் முனையில் சுழித்து, காவலில்லாத பக்கத்து மண்ணைக் குடையும். அவர் வேண்டுமென்று செய்யவில்லை, தன் வீட்டைக் காப்பாற்றப் பார்த்தார். தயவுசெய்து இதை வேலித் தகராறு ஆக்கிவிடாதீர்கள். அந்த முனையைக் கரைக்குள் மடக்கிச் சிறகுச்சுவராக முடிக்க வேண்டும், சுவரடியில் கனமான கல் கொட்ட வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் அடுத்த ஆபத்து அவருடைய சுவருக்குத்தான் என்பதை அவருக்குப் பொறுமையாகச் சொல்லுங்கள். அவரும் உங்களோடு நின்றால்தான் காரியம் நடக்கும். நீங்களும் ஒரு சுவர் கட்டினால், இதே கடிதத்தை அடுத்த வருடம் உங்கள் கீழ்ப்பக்கத்து வீட்டுக்காரர் எனக்கு எழுதுவார்.

அப்படியானால் எது நிற்கும்? வளைவு முழுவதையும் ஒரே கரையாக வைத்து, அடியிலிருந்து மேலே வரும் வேலை நிற்கும். கரையடியில் ஆற்றுப்படுகையின் மேலேயே பெரிய கற்களை அகலமாக விரிப்பார்கள், ஏப்ரன் என்று சொல்வோம். ஆறு அடியைத் தோண்டத் தோண்ட அந்தக் கற்கள் தாமாக உருண்டு இறங்கிப் பள்ளத்தின் சரிவை மூடிக்கொள்ளும். சுவர் செய்ய முடியாத வேலை இது, ஏனென்றால் சுவரால் வளைந்துகொடுக்க முடியாது. அதற்கு மேல் கரையைச் செங்குத்தாக விடாமல், ஓர் அடி உயரத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு அடி என்று சரித்து, ஜியோ டெக்ஸ்டைல் துணி விரித்து, கம்பிவலைப் பெட்டிகளில் கல் நிரப்பி அடுக்குவார்கள். துணி எதற்கு என்றால், உள்ளே ஊறிய நீர் வெளியே வரவேண்டும், மண் வரக்கூடாது. நீங்கள் பார்த்த வெயில்நாள் சரிவுக்கு மருந்து அந்தத் துணிதான். செலவைக் குறைக்கிறேன் என்று யாராவது முதலில் வெட்டுவதும் அதைத்தான். வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், துணி இல்லாமல் கல் அடுக்கினால் நிறுத்தச் சொல்லுங்கள்.

கரையைச் சரிக்க இடம் வேண்டும். 14 வீட்டுக்காரர்களும் ஆளுக்குக் கொஞ்சம் விளையை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். சென்ட் விலை தெரிந்த நம் ஊரில் இதைச் சொல்வது கஷ்டம்தான். ஆனால் நீங்கள் கொடுக்காவிட்டாலும் ஆறு எடுத்துக்கொள்ளும், அதைவிட அதிகமாக.

மேல்சரிவுக்குச் செடி போதும். தென்னை நாரில் நெய்த வலைவிரிப்பை ஆணியடித்து, அதில் வெட்டிவேரை அரையடிக்கு ஒன்று நெருக்கமாக, சரிவுக்குக் குறுக்கே வரிவரியாக நட வேண்டும். கேரளத்தில் இந்த விரிப்பைக் கயர் பூவஸ்திரம் என்கிறார்கள். பல ஊராட்சிகள் நூறுநாள் வேலைப் பெண்களைக் கொண்டே ஓடைக் கரைகளில் விரித்திருக்கின்றன. நார் இரண்டு மூன்று வருடத்தில் மக்கிவிடும், அதற்குள் வேர் பிடித்துவிட வேண்டும். வெட்டிவேருக்கு வெயில் வேண்டும், தென்னை நிழலில் அது தேயும். நீரோரத்துக்கு ஆற்றுவஞ்சி, நாணல், தாழை. மேலே கரைவிளிம்பைவிட்டுத் தள்ளிப் புங்கம், நீர்மருது, புன்னை. ஆடி அமாவாசைக்குக் குழித்துறையில் வாவுபலி நடக்கும்போது பொருட்காட்சியில் எல்லோரும் தென்னம்பிள்ளைதானே வாங்குகிறோம்? இந்த முறை விளிம்பில் வைக்கத் தென்னை வாங்காதீர்கள். தென்னைக்கு ஆழமாகப் போகும் ஆணிவேர் கிடையாது. தலைப்பாரம் அதிகம், காற்றில் ஆடி ஆடிக் கரைமண்ணை நெம்பும். உங்கள் ஆறு மரங்கள் போனதில் அதற்கும் பங்கு இருக்கும். விளிம்பில் இன்னும் நிற்கும் தென்னைகளை வெட்டிவிடலாம், ஆனால் அடிக்கட்டையைத் தோண்டி எடுக்க வேண்டாம்.

இந்தக் கல்வேலையை 14 குடும்பங்கள் தாங்களாகச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆற்றுப்புறம்போக்கில் ஒரு கல் வைக்கவும் நீர்வளத்துறையின் அனுமதி வேண்டும். உங்களால் முடிந்தது, துறை ‘பார்க்கலாம்’ என்று சொல்லித் தள்ள முடியாதபடி காகிதத்தைத் தயார் செய்வது. அதற்கு இந்தக் கோடையே நல்ல சமயம். ஒவ்வொரு வீட்டின் பின்சுவரில் ஒரு பெயிண்ட் புள்ளி வைத்து, அங்கிருந்து கரைவிளிம்புவரை டேப் பிடித்து அளந்து, தேதியோடு ஒரே நோட்டில் எழுதுங்கள். மாதம் ஒரு முறை, ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் ஒரு முறை. ஒரே இடத்தில் நின்று ஒரே கோணத்தில் போட்டோ. நீர் குறைவாக, ஓட்டம் அடங்கிய நாளில், வள்ளக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, அடிக்கணக்குக் குறித்த மூங்கிலால் வளைவு நெடுக ஆழம் பாருங்கள். எந்த வீட்டுக்கு நேராகக் கயம் இருக்கிறதோ அங்கேதான் முதல் கல் விழ வேண்டும். பிறகு நிலத்தின் எல்லையைக் காட்டும் புலப்படம் எடுத்து, பழைய எல்லைக்கல் எங்கே இருந்தது, ஆறு எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்று நில அளவையரைக் கொண்டு குறிக்கச் செய்யுங்கள். பட்டா நிலம் ஆற்றில் போனதற்கு வேறு ஆதாரம் பிறகு கிடைக்காது.

அப்புறம் கிராமசபை. வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், ஆற்றுக்கரைத் தீர்மானத்துக்குப் பொருத்தமான நாள். அதைத் தவறவிட்டால் மே 1. ‘எங்கள் வீட்டைக் காப்பாற்றுங்கள்’ என்று 14 மனு வேண்டாம். ‘இந்தக் கடவிலிருந்து அந்தக் கடவுவரை இத்தனை மீட்டர் கரை’ என்று ஒரே தீர்மானம், அளவு நோட்டின் நகலோடு. அதை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடமும், நீர்வளத்துறைச் செயற்பொறியாளரிடமும் கொடுங்கள். மனுவில் மூன்று விஷயம் கட்டாயம் இருக்கட்டும். வெறும் சுவர் கேட்காமல், அரிப்பாழம் கணக்கிட்டுக் கரையடிப் பாதுகாப்போடு மதிப்பீடு கேளுங்கள். எதிர்க்கரை ஊரையும் சேர்த்து ஆய்வு செய்யச் சொல்லுங்கள், இங்கே போடும் கல் ஆற்றை அங்கே தள்ளிவிடக்கூடாது. அந்த ஊர்க்காரர்களிடம் நீங்களே முதலில் போய்ப் பேசிவிடுவது மரியாதை. மூன்றாவது, அணைகளில் உபரிநீரை நிறுத்தும்போது ஒரேயடியாக மூடாமல் படிப்படியாகக் குறைக்கக் கேளுங்கள். ஆறு மெதுவாக இறங்கினால் கரையும் மெதுவாக வடியும். செலவில்லாத உதவி இது.

பணம் இல்லை என்று அதிகாரிகள் சொன்னால் பதில் வைத்திருங்கள். 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு, நாடு முழுவதும் அரிப்பைத் தடுக்க என்றே 1,500 கோடி ரூபாயும், அரிப்பால் வீடிழந்தவர்களை வேறிடத்தில் குடியமர்த்த 1,000 கோடி ரூபாயும் ஒதுக்கப் பரிந்துரைத்தது. ஆற்றங்கரை வீடுகளின் அரிப்பு பேரிடர்க் கணக்கில் ஏறிவிட்டது என்பதற்கு அது சான்று.

வீட்டுக் காப்பீடு எடுத்திருக்கிறோம் என்று யாராவது நிம்மதியாக இருந்தால் பாலிசியை ஒரு முறை படிக்கச் சொல்லுங்கள். 2021 முதல் எல்லா நிறுவனங்களும் விற்கும் பாரத் கிருஹ ரக்‌ஷா பாலிசியில் வெள்ளச் சேதத்துக்கும் நிலச்சரிவுக்கும் இழப்பீடு உண்டு. ஆனால் மண் தாழ்வதையும் சரிவதையும் பற்றிய பிரிவில், ஆற்று அரிப்பால் வந்தது சேராது என்று விலக்கு எழுதியிருக்கிறது. அரசு நிவாரணமும் சிறியது. 2022-26 காலத்து விதிமுறைப்படி முழுதாக இடிந்த வீட்டுக்குச் சமவெளியில் 1,20,000 ரூபாயாக இருந்தது.

இதற்கிடையில் நீங்கள் நாளைக்கே செய்யக்கூடியதும் உண்டு. கூரைத் தண்ணீரும் அடுக்களைத் தண்ணீரும் ஆற்றுப்பக்கம் போகிறதா? குழாய் போட்டு முன்பக்கம் திருப்புங்கள். கக்கூஸ் குழி கரைப்பக்கம் இருந்தால் முன்னால் மாற்றுங்கள், அது கரையை வருடம் முழுவதும் உள்ளிருந்து நனைக்கிறது. கட்டட இடிபாட்டைக் கரையில் கொட்டினால் பலமாகும் என்று சொல்வார்கள், கேட்காதீர்கள். விளிம்புக்குப் பாரம்தான் கூடும்.

விற்கலாமா என்று கேட்டீர்கள். இப்போது விற்றால் பாதி விலைக்குக் கேட்பார்கள், வாங்குகிறவர் உங்களுக்குத் தெரிந்த ஆபத்து தெரியாமல் வாங்குவார். அதில் உங்களுக்கு மனசு ஒப்பாது என்று கடிதத்தைப் படித்தபோதே தோன்றியது. இரண்டு மழைக்காலம் அளந்து பாருங்கள். விளிம்பு நின்றுவிட்டால் சரி. 30 அடி 20 அடி ஆகிவிட்டால் துறையின் கல்லுக்குக் காத்திருக்காமல் பின்னறையையும் அடுக்களையையும் நீங்களே பிரித்துவிட்டு, ரோட்டுப்பக்கம் இரண்டு அறை கட்டிக்கொள்ளுங்கள். 12 சென்ட்டில் அதற்கு இடம் இருக்கும். கணவர் கடன் வாங்குவதானால் அந்த 9 லட்சம் அதற்குத்தான், அதுவும் அப்போது வாங்கினால் போதும். அளவு நோட்டு இரண்டு மாதம் ஓடியதும் அதன் போட்டோவையும் கயத்தின் ஆழத்தையும் எனக்கு அனுப்புங்கள். உங்கள் மனுவின் வாசகத்தை நான் பார்த்துத் தருகிறேன்.